குணமும் மீட்பும்: ‘திருத்தூதர் பணிகள்’ நூலில் ஒரு கிரேக்க வினையும் அதன் தமிழ் வடிவங்களும்

தொடக்ககாலக் கிறித்தவத் திருப்பணி பற்றிப் புதிய ஏற்பாடு தரும் செய்திகளில் போதித்தலும் நோய் தீர்த்தலும் இணைந்தே வருகின்றன. மத்தேயு நற்செய்தி (4:23) இயேசுவின் பணியைக் கற்பித்தல், பறைசாற்றுதல், குணமாக்குதல் என்னும் மூன்று வினைகளில் தொகுத்துரைக்கிறது. பன்னிரு சீடரை அனுப்பும் இடத்திலும் (10:7-8) அறிவித்தலும் நோய் தீர்த்தலும் ஒரே கட்டளையின் இரு கூறுகளாக அமைகின்றன. இவ்விணைப்பைச் சீடர்களின் காலத்துக்குக் கொண்டு செல்லும் நூல், அப்போஸ்தலருடைய நடபடிகள் என்றும் திருத்தூதர் பணிகள் என்றும் தமிழில் வழங்கும் நூலாகும். இந்நூலின் முக்கியமான இடங்களில் அவ்விணைப்பு ஒரு வினைச்சொல்லைக் கொண்டே நிகழ்கிறது. அவ்வினை தமிழில் என்னவாயிற்று என்பதை, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வினையின் பொருட்புலம்

‘சோஸோ’ என்னும் கிரேக்க வினை ஆபத்தினின்று காத்தல், நோயினின்று விடுவித்தல், இறுதித் தீர்ப்பினின்று மீட்டல் ஆகிய மூன்றையும் குறிக்கும். இவை மூன்று தனிச்சொற்கள் அல்ல; ஒரே சொல்லின் பொருள் விரிவு. திருத்தூதர் பணிகள் நூலிலேயே இம்மூன்றும் காணப்படுகின்றன. பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்கிய பகுதியில் (27:20) இவ்வினை உயிர் தப்புதலைக் குறிக்கிறது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அங்கே ‘தப்பிப்பிழை’ என்று பொருத்தமாகவே பெயர்த்துள்ளது. சூழலுக்கேற்பச் சொல்லை மாற்றுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமை என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமைக்கு எல்லை உண்டா என்பதே இங்கு எழும் வினா.

2. பேதுருவின் மறுமொழி

எருசலேம் கோவிலின் ‘அழகு வாயில்’ அருகே பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவன் எழுந்து நடக்கிறான் (3:1-10). மக்கள் கூடுகின்றனர், பேதுரு பேசுகிறார், பேதுருவும் யோவானும் கைதாகின்றனர். மறுநாள் தலைவர்களும் மூப்பரும் மறைநூல் அறிஞரும் அவர்களை நடுவில் நிறுத்தி, எந்த ஆற்றலால், எந்தப் பெயரால் இதைச் செய்தீர்கள் என்று வினவுகின்றனர் (4:7). வினா நோய் நீங்கியதைப் பற்றியது. பேதுருவின் மறுமொழி அதில் தொடங்கி, மானிடர் அனைவரின் மீட்பைப் பற்றிய கூற்றாக முடிகிறது. கேட்பவருக்கு இது தாவலாகத் தோன்றாமைக்குக் காரணம் ஒன்றே. ஒன்பதாம் வசனத்தில் அம்மனிதன் நலமடைந்ததைக் குறிக்க வரும் ‘சோஸோ’வே பன்னிரண்டாம் வசனத்தில் மானிடர் மீட்புப் பெறுதலையும் குறிக்கிறது, அதே வேரினின்று தோன்றிய ‘சோதேரியா’ என்னும் பெயர்ச்சொல்லும் அங்கேயே வருகிறது. ‘இவன் எதனால் விடுபட்டான்’ என்ற கேள்வி ‘எவரும் எதனால் விடுபடுவர்’ என்ற விடையாக விரிகிறது. வாதத்தின் கீல் இச்சொல்லே.

இச்சொல் தற்செயலாக அமைந்தது என்று கொள்வதற்கும் இடமில்லை. உடல்நலத்தை மட்டும் குறிக்கும் ‘ஹுகியேஸ்’ என்னும் சொல் அடுத்த வசனத்திலேயே (4:10) வருகிறது. பதினான்காம் வசனத்தில் ‘தெராபெவோ’ என்னும் வினையும், இருபத்திரண்டாம் வசனத்தில் ‘இயாசிஸ்’ என்னும் பெயரும் வருகின்றன. நோய் தீர்தலைக் குறிக்க இத்தனை சொற்கள் கைவசம் இருந்தும், பேச்சின் தொடக்கத்தில் ஆசிரியர் இருபொருள் தரும் வினையையே வைத்திருக்கிறார்.

லூக்கா மருத்துவர் என்ற மரபைக் கொண்டு இச்சொல் வேறுபாடுகளை மருத்துவக் கலைச்சொற்களாக விளக்கும் முயற்சியும் முன்பு நடைபெற்றது. டபிள்யூ. கே. ஹோபர்ட் 1882இல் வெளியிட்ட நூல் இம்முயற்சியில் குறிப்பிடத்தக்கது. ஆனால் மருத்துவச் சொற்கள் எனப்பட்டவற்றுள் மிகப்பல மருத்துவரல்லாத கிரேக்க எழுத்தாளரிடத்தும் பயில்வன என்பதை எச். ஜே. காட்பரி 1920இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். எனவே இவ்விடத்துச் சொல்லாட்சிக்குக் காரணத்தை மருத்துவத்தில் தேடுவதினும் பேச்சின் அமைப்பில் தேடுவதே பொருந்தும்.

3. தமிழில் நேர்ந்தது

1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 4:9இல் ‘ஆரோக்கியமானான்’ என்றும், 4:10இல் ‘சொஸ்தமாய்’ என்றும், 4:12இல் ‘இரட்சிப்பு’ என்றும் பெயர்க்கிறது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு முதல் இரண்டு இடங்களிலும் ‘நலம்’ என்ற சொல்லையும், மூன்றாவதில் ‘மீட்பு’ என்ற சொல்லையும் ஆள்கிறது. இரண்டிலும் கீல் கழன்றுவிடுகிறது. தமிழ் வாசகர் காண்பது ஒரு நோய் நீங்கிய செய்தியும், அதையடுத்து ஒரு சமயக் கோட்பாடும் மட்டுமே. முன்னது பின்னதற்குச் சான்று என்று அவர் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே செயலின் இரு நிலைகள் என்று மூலம் சொல்வதை அவர் அறிய வழியில்லை.

இரு மொழிபெயர்ப்புகளின் குறைகளும் ஒருதன்மையன அல்ல. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு உடலைக் குறிக்குமிடத்து நலம், குணம் போன்றவற்றையும், பாவ மன்னிப்பைக் குறிக்குமிடத்து மீட்பையும் ஆள முயல்கிறது. இது தெளிவானது, ஆனால் மூலம் பிரிக்காததைப் பிரிப்பது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இத்தகைய ஒழுங்கைக் காண்பது அரிது. லீஸ்திராவில் பிறவி முடவன் ஒருவனுக்கு நலம்பெறத்தக்க நம்பிக்கை இருப்பதைப் பவுல் காணுமிடத்தில் (14:9) அது ‘இரட்சிப்பு’ என்று பெயர்க்கிறது. வாதத்துக்கு இருபொருள் இன்றியமையாத எருசலேமில் உடற்பொருளையும், அடுத்த நொடியே ஒருவன் துள்ளி எழுந்து நடக்கும் லீஸ்திராவில் சமயப்பொருளையும் அது தேர்ந்துகொண்டது வியப்புக்குரியது. மாற்கு நற்செய்தியில் இரத்தப்போக்குடைய பெண் தனக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லும் (5:28), இயேசு அவளுக்கு மறுமொழியாகத் தரும் சொல்லும் (5:34) மூலத்தில் ஒரே வினை. அவள் சொல்லையே அவர் அவளுக்குத் திருப்பித் தருகிறார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் முன்னது ‘சொஸ்தமாவேன்’ எனவும் பின்னது ‘இரட்சித்தது’ எனவும் ஆகி, அவ்வுரையாடலின் நெருக்கம் மறைந்துவிடுகிறது.

4. லீஸ்திரா காட்டும் உண்மை

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று கேட்பாருக்கு லீஸ்திரா நிகழ்ச்சியே விடை. அங்கே குணமாதல் எல்லார் கண்முன்னும் நிகழ்கிறது. ஆனால் கூட்டம் அதைத் தன் சமயச் சொற்களால் பொருள்கொள்கிறது. பர்னபாவை ஜீயஸ் என்றும், பேச்சில் முன்னின்றமையால் பவுலை ஹெர்மேஸ் என்றும் அழைக்கிறது. அம்முழக்கம் லிக்கவோனிய மொழியில் எழுந்தது என்று ஆசிரியர் குறிப்பிடுவது (14:11) மொழியியலாளர் கருதத்தக்கது. பலியிடும் ஏற்பாடு நடந்த பின்னரே தூதர் இருவரும் செய்தியறிந்து பதறி ஓடுகின்றனர். அருஞ்செயல் தானே தன்னை விளக்குவதில்லை. அதற்குப் பொருள் தருவது அதையடுத்து வரும் பேச்சு என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. எருசலேமில் அப்பேச்சு பொருள் தருவது ‘சோஸோ’ என்னும் ஒரு சொல்லின் வழியாகவே. அச்சொல்லை இரண்டாக்கும் மொழிபெயர்ப்பு, குணமாதலைப் பேச்சினின்று துண்டித்து ஊமையாக்கிவிடுகிறது.

5. தமிழில் வழி உண்டா

பொருட்புலத்தால் இவ்வினைக்கு மிக நெருங்கிய தமிழ் வினை ‘உய்’ ஆகும். உயிர்வாழ்தல், இடர் தப்புதல், ஈடேறுதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. பக்தி இலக்கியத்தில் அதன் சமயப்பொருள் ஆழ வேரூன்றியது. ஆனால் இன்றைய வழக்கில் நோய் நீங்கியவனை ‘உய்ந்தான்’ என்பாரில்லை. ‘பிழை’ பேச்சில் உயிரோடிருப்பது; ஆயினும் சாவினின்று தப்புதலையே அது முதன்மையாகச் சுட்டும். கால் ஊனம் நீங்கியவனுக்கு அது பொருந்தாது.

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் சொற்களுக்குள்ளேயே ஒரு தீர்வு இருக்கிறது. ‘மீட்பு’ என்பதன் தன்வினை ‘மீள்’. நோயிலிருந்து மீண்டார் என்பது செய்தித்தாளிலும் வீட்டுப் பேச்சிலும் இயல்பாக வழங்கும் தொடர். 4:9இல் ‘இவர் இக்குறையினின்று எதனால் மீண்டார்’ என்னும் பாங்கில் அமைப்பின், 4:12இல் உள்ள ‘மீட்பு’ தானாகவே அதனுடன் இணையும். புதுச்சொல் ஏதும் ஆக்க வேண்டுவதில்லை.

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். ஒன்று, ‘மீள்’ முன்னைய நிலைக்குத் திரும்புதலை உட்கொண்டது. பிறவி ஊனமுற்றோனுக்குத் திரும்புவதற்கு முன்னைய நலம் இல்லை. ஆனால் ‘துன்பத்தினின்று மீள்’ முதலிய தொடர்களில் விட்டு நீங்குதலே மேலோங்கி நிற்கிறது. நீங்கற்பொருள் தரும் உருபோடு வரும்பொழுது இத்தடை வலுவிழக்கும். மற்றொன்று, ‘மீட்பு’ அடகுப்பொருளைத் திருப்புதலையும் குறிக்கும். கிரேக்கத்தில் அப்பொருளுக்கு ‘லூத்ரோசிஸ்’ என்னும் வேறு சொல் உண்டு. இக்குறை உண்மையே. எனினும் 4:12இல் ‘மீட்பு’ இடம்பெற்றபோதே அது ஏற்கப்பட்டுவிட்டது. 4:9இல் ‘மீள்’ வருவதால் அது மிகுவதில்லை.

ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே இணைச்சொல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. புயல் பகுதியில் ‘தப்பிப்பிழை’ இருக்கலாம். லீஸ்திராவில் ‘நலம்’ இருக்கலாம். ஒரு சொல் மீண்டும் வருவதையே அடிப்படையாகக் கொண்டு வாதமோ உரையாடலோ நகருமிடத்தில் மட்டும், இலக்குமொழியிலும் வேர் ஒன்றாதல் வேண்டும். பேதுருவின் மறுமொழியும் மாற்கு கூறும் பெண்ணின் கதையும் அத்தகையன. திருத்தப் பதிப்பு மேற்கொள்வோர் இவ்விரு இடங்களையேனும் மறுபடியும் நோக்குதல் தகும்.