கல்லின் சாட்சியமும் நீரின் மறைவும்: ரஸ்கினின் வெனிஸ் ஒளிப்படங்கள்

ஜான் ரஸ்கின் 1845இல் வெனிஸ் நகரின் பெருங்கால்வாய்க் கரை அரண்மனைகளைக் காட்டும் டாகுவேர் முறை ஒளிப்படத் தகடுகளை விலைக்கு வாங்கினார். புதுப்பித்தல் என்னும் பெயரில் பழைய கல்வேலைப்பாடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. கா தோரோ மாளிகை அவ்வாறு சிதைக்கப்படுவதை அவர் நேரிற் கண்டார். எனவே, கல்லின் வெடிப்பையும் கறையையும்கூட விடாது காட்டும் இத்தகடுகளை ஆவணமாக மதித்தார்.

இம்மதிப்பீடு பொருத்தமானதே, ஆயினும் முழுமையானதன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருப் பதிவதற்குப் பல நொடிகள் தேவைப்பட்டன. அசையாத கல் துல்லியமாகப் பதிந்தது. அலையும் நீர் மங்கிய பளபளப்பாயிற்று. கடந்துசென்ற படகோட்டிகள் பெரும்பாலும் தடமின்றி மறைந்தனர். ஆகவே, இக்கருப்பு வெள்ளைப் படங்களில் நிலவும் ஆளரவமற்ற அமைதி வெனிசின் இயல்பன்று, கருவியின் விளைவேயாகும். அதனை நகரின் துயரம் எனப் போற்றும் சுவைஞர், உழைப்போரின் இன்மையை அழகெனக் கொள்ளும் பிழைக்கு ஆளாகின்றார்.

இத்தகடு சற்றே சாய்த்த அளவில் கண்ணாடியாகிக் காண்பவர் முகத்தையே காட்டும் தன்மையது. அம்முகம் எதைத் தேடி அங்கே குனிந்தது என வினவுவதும் சுவைப்பின் பகுதியே. கல்லைக் காத்த தகடு, அந்நீரில் வாழ்ந்தோரைக் காக்கவில்லை என்பதை உணர்ந்து நோக்கும்போதே இப்படங்களின் மதிப்பீடு நிறைவுறும்.