மூன்றாம் இலக்கச் சட்டை

ஹெவ்லொக் பார்க் மைதானத்தில் கழக ரக்பிக்குத் தயாரெனச் சொல்லப்படும் பாடசாலைப் பையன்களில், மதிப்பிடக் கடினமானவன் 3ஆம் இலக்கச் சட்டை போடும் ப்ரொப். பந்தோடு ஓடுபவனை ஊரே பார்க்கும். இவன் உழைப்பு, இரு அணி முன்னணியினரும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில், பதினாறு உடல்களின் நடுவே மறைந்து கிடக்கும். எடையைப் பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. மறுமுனை ப்ரொப்பான 1ஆம் இலக்கக்காரனுக்கு ஒரு தோள் வெளியே. இவனுக்கோ எதிரணியின் இருவருக்கிடையே தலை, இரு தோளிலும் பாரம். அங்கே தொப்பை உதவாது. முதுகு மேசைபோலச் சமமாக, இடுப்பு தோளுக்கு மேல் எழாமல், பாதங்கள் சிறு எட்டுகளாக நகரவேண்டும். அந்த வளையாத முதுகில் ஓர் அழகு உண்டு. கொத்தனாருக்கு அது புரியும்.

ஆனால் 19 வயதுக்குட்பட்டோருக்கான விதிப்படி ஸ்க்ரமை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. ஆகவே 1945 முதல் றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயத்தில் ஜொலிப்பவன்கூட முழுத் தள்ளலின் கனத்தை அறியாதவனாக இருக்கலாம். கோட்டருகே முட்டிமோதி ட்ரை வைக்கிறானே என்றால், எதிரே நிற்பவர்களும் பையன்கள்தானே! நான் பார்ப்பது கடைசிப் பத்து நிமிடம்: ஸ்க்ரம் சரிந்து மறுபடி கட்டப்படும்போது அவன் பாதங்கள் முன்பு நின்ற அதே இடத்துக்கு வருகின்றனவா?