சிவப்பு அணையாத மரங்கள்

ஊதா இலை மரத்தைத் தள்ளி நின்று பார்ப்பவர்களே அதிகம். பூங்காவில் பச்சைக்கு நடுவே ஒன்று மட்டும் கருஞ்சிவப்பாக நிற்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், அப்படித் தள்ளி நின்று பார்க்க அது ஒன்றும் பெரிய அழகில்லை. உச்சி வெயிலில் எதிரே நின்றால் இருட்டைக் குவித்து வைத்ததுபோல்தான் தெரியும். கிட்டே போக வேண்டும். காலையிலோ மாலையிலோ, சூரியன் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளைக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கறுப்பு என்று நினைத்த இலை மாதுளை முத்து நிறத்தில் ஒளிரும்.

வெளிச்சம் ஊடுருவும்போது தெரியும் அந்தச் சிவப்பு, அந்தோசயனின் என்னும் நிறமி. செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் கரைந்து கிடக்கிறது. பச்சையம் எங்கும் போய்விடவில்லை. அதுவும் அதே இலையில் இருந்துகொண்டு மரத்துக்குச் சோறு ஆக்குகிறது. சிவப்பு அதை மறைக்கிறது, அவ்வளவே.

இந்த நிறமியைச் செய்வது பெரிய வித்தையுமில்லை. நம் மாமரம் கொழுந்து விடும்போது பார்த்திருப்பீர்கள்: செம்பு நிறத்தில் தொங்கும் தளிர் முற்ற முற்றப் பச்சைக்கு வந்துவிடும். எத்தனையோ மரங்கள் தளிரில் சிவந்து, பிறகு அந்த வேலையை நிறுத்திக்கொள்கின்றன. ஊதா இலை மரத்தில் அது நிற்பதில்லை, அல்லது தாமதமாக நிற்கிறது. எனவே இத்தகைய மரத்தின் முன் நிற்கும்போது நான் முதலில் கவனிப்பது, சிவப்பு எத்தனை நாள் தங்குகிறது என்பதைத்தான்.

இதற்கு ஒரு தாயும் பிள்ளையும் நல்ல பாடம். ஐரோப்பாவின் நார்வே மேப்பிளில் 'ஷ்வெட்லரி' என்று ஒரு வகை. 19ஆம் நூற்றாண்டில் சைலீசியாவிலிருந்து பரவியது. வசந்தத்தில் இலை செக்கச்செவேலென்று விரியும். கோடை நடுவில் பார்த்தால் செம்மை மங்கிய பச்சை, அதே மரமா என்று சந்தேகம் வரும். அதன் விதையிலிருந்து 1930களில் பிரான்சின் ஓர்லியோன் நகரில் முளைத்தது 'கிரிம்சன் கிங்'. இதன் இலை வசந்தத்திலும் கருஞ்சிவப்பு, ஆகஸ்ட்டிலும் கருஞ்சிவப்பு. விற்பனையில் ஜெயித்தது பிள்ளைதான். வட அமெரிக்கத் தெருக்களில் அதை வரிசை வரிசையாக நட்டார்கள். எனக்கு ஷ்வெட்லரிதான் பிடிக்கும். மாறாத நிறத்தை ஒருமுறை பார்த்தால் போதும். மாறும் நிறத்துக்கு வாராவாரம் போக வேண்டியிருக்கிறது.

இலையுதிர்காலச் சிவப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் பெரும்பாலும் அந்தோசயனின்தான். ஆனால் பச்சையம் விடைபெறும்போது வருவது. அது வேறு கதை.

அடுத்தது, கிளைகளுக்கு உள்ளே தலையை நீட்டுவது. ஐரோப்பியப் பூங்காக்களில் கம்பீரமாக நிற்கும் செம்பு பீச் மரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். வெளிவட்டத்து இலைகள் கருஞ்சிவப்பு. உள்ளே போகப் போக நிறம் வெளிறி, ஆழ்நிழலில் பச்சை தலைகாட்டும். மரம் ஒன்று, மரபணுவும் ஒன்றே. நிறமியைச் செய்யச் சொல்லும் கட்டளை வெளிச்சத்துக்கும் கட்டுப்பட்டது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அந்த மரமே எழுதிவைத்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிரியமானது: சிவப்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்று தேடுவது. இதற்கு ஏற்றது கிராப் ஆப்பிள், அதாவது பூவுக்காக வளர்க்கும் சின்னப் பழ ஆப்பிள். மத்திய ஆசியாவின் மலைக்காடுகளில், கிர்கிஸ்தான், கஜகஸ்தான் பக்கம், நீட்ஸ்வெட்ஸ்கி ஆப்பிள் என்று ஒன்று உண்டு. ஜெர்மானியத் தாவரவியலாளர் கியோர்க் டீக் 1891இல் அதற்குப் பெயர் சூட்டினார். தளிர் சிவப்பு, பூ அடர் ரோஜா நிறம், பழத்தின் தோல் சிவப்பு, சதையும் சிவப்பு. குச்சியை ஒடித்தால் உள்ளிருக்கும் கட்டையும் சிவந்திருக்கும். காட்டில் இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் மரம். தோட்டங்களிலோ அதன் வாரிசுகள் எண்ணில் அடங்கா.

அந்த வாரிசுகளில் பலவற்றை உருவாக்கியவர் இசபெல்லா பிரெஸ்டன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்கு வந்தவர். 1920இல் ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்து, சைபீரியக் குளிரைத் தாங்கும் கிராப் ஆப்பிளையும் இந்தச் சிவப்பு ஆப்பிளையும் கலந்து 'ரோசிபுளூம்' என்ற வரிசையைக் கொண்டுவந்தார். மரங்களுக்கு சிம்கோ, அத்தபாஸ்கா என்று கனடாவின் ஏரிகள் பெயரையே வைத்தார். (அவருடைய லைலாக் செடிகளுக்கு ஷேக்ஸ்பியரின் நாயகிகள் பெயர், ஐரிஸ் செடிகளுக்கு ஆறுகளின் பெயர். பெயர் வைப்பதையும் ரசித்துச் செய்த மனுஷி.) ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: பூ முடிந்தபின் ரோசிபுளூம் மரங்கள் பலவும் சோபை இழந்துவிடும். இலை மங்கலாகும், சொறிநோய் எளிதில் பற்றும். மே மாதத்தில் பார்க்க வேண்டிய மரங்கள் அவை.

நீட்ஸ்வெட்ஸ்கி ஆப்பிள் இலையில் தொடங்கிக் கட்டைவரை ஏன் சிவந்தது? நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு விடை சொன்னார்கள். அந்தோசயனினைச் செய்யும் மரபணுக்கள் பல. அவற்றை முடுக்கிவிடும் மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.10. அதற்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில், சாதாரண ஆப்பிளில் 23 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று இருக்கிறது. சிவப்பு ஆப்பிளில் அதே துண்டு அடுத்தடுத்து ஆறு முறை வருகிறது. எம்.ஒய்.பி.10 உண்டாக்கும் புரதம் அந்த ஆறு இடங்களிலும் வந்து ஒட்டி, தன்னைப் பிறப்பித்த மரபணுவையே மேலும் முடுக்குகிறது. இன்னும் புரதம், இன்னும் முடுக்கம். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இலை, பூ, பழம், கட்டை எதையும் சிவப்பு விட்டுவைக்கவில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்த ஆறுமடித் துண்டு வந்தாலே போதும், பிள்ளை சிவந்துவிடும். பள்ளியில் மெண்டல் பாடத்தில் படித்த ஓங்கு பண்பு இதுதான்.

சதை மட்டும் சிவந்து, இலை பச்சையாகவே இருக்கும் ஆப்பிள்களும் உண்டு. அங்கே வேலை செய்வது எம்.ஒய்.பி.110ஏ என்ற உறவுக்கார மரபணு. அதன் ஆட்சி பழத்தோடு முடிகிறது. ஆகவே கிராப் ஆப்பிள் அடியில் நிற்கும்போது இலைக்காம்பைப் பாருங்கள், நரம்பைப் பாருங்கள், உதிர்ந்த குச்சி கிடைத்தால் ஒடித்துப் பாருங்கள், இலையுதிர்காலத்தில் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள். எந்த மரபணுவின் முன் நிற்கிறோம் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

எல்லா ஊதாவும் இப்படி ஓங்கியிருப்பதில்லை. கிழக்கு அமெரிக்காவின் ரெட்பட் மரத்தில், இதய வடிவ இலை ஊதாவாக இருக்கும் 'ஃபாரஸ்ட் பேன்ஸி' புகழ்பெற்ற வகை. இங்கே ஊதா ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். கிளை தொங்கும் குணமும் அப்படியே. இந்த ஊதா மரத்தை, கிளை தொங்கும் 'கோவி' என்ற பச்சை மரத்தோடு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலந்தார்கள். இத்தகைய கலப்பில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பச்சையாக, நிமிர்ந்து வளரும். தாத்தா பாட்டி குணம் பேரப்பிள்ளைகளில்தான் திரும்புகிறது. இரண்டு குணமும் தனித்தனியே பிரிந்து போவதாகக் கணக்கிட்டால், ஊதாவும் தொங்கலும் சேர்ந்து அமைவது 16இல் ஒன்றில். அப்படிப் பொறுக்கி எடுத்ததுதான் 'ரூபி ஃபால்ஸ்'.

இந்தக் கணக்குத் தெரிந்தால் ஊதா ரெட்பட்டின் அடியில் முளைத்திருக்கும் நாற்றுகளைப் பார்ப்பதும் சுவாரசியம்தான். பக்கத்தில் பச்சை மரம் இருந்து அதன் மகரந்தம் வந்திருந்தால், நாற்றும் பச்சையாகவே நிற்கும். உள்ளே ஊதா ஒளிந்திருப்பது இலையைப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் நாற்றங்கால்காரர்கள் விதையை நம்புவதில்லை. பச்சை ரெட்பட் நாற்றின் மேல் ஊதா மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். வாங்கிய மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் லேசாகப் புடைத்திருக்கும். அதற்குக் கீழே பச்சைத் துளிர் கிளம்பினால் உடனே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருப்பதை அது முந்திவிடும். வெட்டிய துளிரிலிருந்து ஓர் இலை, மேல்கிளையிலிருந்து ஓர் இலை, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அதே இதய வடிவம், அதே நரம்போட்டம்.