காயலான் கடையும் திறனாய்வும்

ஒரு நூலை இகழ நினைக்கும் நம் விமர்சகர் சிலர், ‘இது காயலான் கடைச் சரக்கு’ என்று எழுதிவிடுகின்றனர். காயல்பட்டினத்தார் நடத்திய பழைய இரும்புக் கடைகளால் வந்த பெயர் அது என்பர். ஓர் ஊராரின் உழைப்பு வசைச்சொல் ஆகலாமா?

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கரையில் நெடுநாள் நின்ற அம்பாசிடர் காரை எண்ணிப் பாருங்கள். உப்புக் காற்று தகட்டை அரித்திருக்கும். எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்களை எளிதில் தீண்டியிராது. சென்னைப் புதுப்பேட்டையில் கார் பிரிப்பவர், துருவேறியதை எடைக்குத் தள்ளி, உறுதி குலையாத உறுப்பைத் தனியே வைக்கிறார். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்கு அவ்வுறுப்பே மறுவாழ்வு.

அரபியில் திறனாய்வை ‘நக்து’ என்பர். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிதலே அதன் பழம்பொருள். அப்பணியைப் புதுப்பேட்டைத் தொழிலாளி நாள்தோறும் செய்கிறார். பிரித்துப் பாராமலே எறியும் விமர்சகர் அவரிடம் பாடம் கேட்கட்டும்.