மருந்தும் துயரும்: சீன மூலிகைச் சோதனைகள் குறித்து ஒரு நோக்கு

உளச்சோர்வுக்குச் சீன மரபுவழி மூலிகைக் கலவைகள் பயன்படுமா என ஆராயும் சோதனைகளை மரபுபோற்றுவோர் பண்டைய ஞானத்தின் வெற்றியெனக் கொண்டாடுகின்றனர். ஏனையோர் மூடநம்பிக்கையின் மீட்சியென ஒதுக்குகின்றனர். இச்சோதனைகள் எதனை நோயெனக் கொள்கின்றன என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. சீன இலக்கியமோ அதனை முன்னரே எழுப்பியுள்ளது.

இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்ட கலவைகளுள் ஒன்று சியாவோயாவோ சான். சொங் அரசர் கால அரச மருந்தகத் தொகுப்பிலே இடம்பெற்ற இதில் சாய்ஹூ வேர், அதிமதுரம், இஞ்சி முதலிய எட்டுச் சரக்குகள் சேர்கின்றன. கட்டற்று உலாவுதல் என்பது அப்பெயரின் பொருள். 1791இல் அச்சேறிய ‘சிவப்பு மாளிகைக் கனவு’ நாவலின் 83ஆம் அத்தியாயத்தில், பெற்றோரை இழந்து பாட்டியின் இல்லத்தை அண்டி வாழும் லின் தாய்யூவுக்கு மருத்துவர் இக்கலவையின் ஒரு வகையையே விதிக்கின்றார். (இறுதி நாற்பது அத்தியாயங்களின் ஆசிரியர் யாரென்பது சர்ச்சைக்குரியது.) அறியாதார் அவளது இயல்பே கோணலானது என எண்ணக்கூடும், உண்மையில் அது கல்லீரலின் நலிவே என்கிறார் அவர்.

இக்கூற்று இருமுகம் கொண்டது. பெண்ணின் துயரைக் குணக்கேடெனப் பழிப்பதிலிருந்து அது அவளை விடுவிக்கின்றது. ஆயின் அத்துயரை உடலுறுப்பொன்றில் அடைத்தும் விடுகின்றது. சொத்தும் குடும்பநலனும் திருமணத்தைத் தீர்மானிக்கும் நிலப்பிரபுத்துவ இல்லத்தில் ஆதரவற்ற பெண்ணுக்கு இடமில்லை என்பதை நாவல் அறியும், மருந்துச்சீட்டு அறியாது.

இதனால் சோதனை வேண்டாம் என்பது பொருளன்று. லூ சுன் 1922இல் எழுதிய முன்னுரையொன்றில், தந்தையின் நோய்க்காக நான்காண்டுகளுக்கு மேல் அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்ததை நினைவுகூர்கின்றார். மருத்துவர் கேட்டவற்றுள் மூன்றாண்டு உறைபனி கண்ட கரும்பும் ஒன்று. சோதிக்கப்படாத மரபின் விலையை வறுமையுற்ற குடும்பமே செலுத்தியது. எனவே சோதனையைக் கோருதல் மக்கள் சார்பான நிலைப்பாடேயாகும். இதுவரை நடந்த சோதனைகள் பலவற்றில் மருந்தையும் போலிமருந்தையும் நோயாளர் வேறுபடுத்தி அறியாவண்ணம் காக்கும் ஏற்பாடு போதியதாக இல்லை. கசாயத்தின் மணமும் சுவையும் அதனை மேலும் கடினமாக்குகின்றன. ஆகவே உறுதியான முடிபுக்கு வருதல் இயலாது.

சோதனை செம்மையுற்றாலும் வேறொரு குறை எஞ்சும். பல ஆய்வுகள் மக்ஸ் ஹமில்ற்றன் 1960இல் வெளியிட்ட அளவுகோலையே கையாளுகின்றன. உறக்கமின்மை, குற்றவுணர்வு, வேலையில் நாட்டமின்மை ஆகியவற்றை அது புள்ளிகளாக்கும். அவ்வேலையின் தன்மையை வினவாது. கல்லீரல் இருந்த இடத்தில் மூளை இரசாயனம் அமர்ந்துள்ளது; துயரைத் தனியுடலுக்குள் தேடும் முறை மாறவில்லை.

1980இல் ஹூனானில் நரம்புத்தளர்ச்சி எனக் கணிக்கப்பட்ட நூறு நோயாளரை ஆராய்ந்த ஆர்தர் கிளைன்மன், அவர்களுள் 87 பேரிடம் உளச்சோர்வைக் கண்டார். மருந்தினால் பலரது நோய்க்குறிகள் தணிந்தன; எனினும் தொழில், குடும்பச் சிக்கல்கள் தீராதவிடத்து முடக்கம் நீடித்தது. அவர்களுட் பலர் கலாசாரப் புரட்சியின் துன்பங்களைச் சுமந்தவர்கள். சமூகக் காரணங்களை வற்புறுத்தும் நாம் சோசலிசத்தின் பெயரால் விளைந்த துயரையும் மறைத்தல் தகாது.

ஆகவே மூலிகைகள் நேர்மையாகச் சோதிக்கப்படல் வேண்டும். பயனற்றவை பயனற்றவையென அறிவிக்கப்படல் வேண்டும். அத்தோடு மருந்துண்போரின் உழைப்பு, கடன், குடும்பநிலை ஆகியவையும் ஆய்வுப்பொருளாதல் வேண்டும். இன்றேல் தாய்யூவுக்குக் கிடைத்ததைவிடத் தேர்ந்த மருந்தினை நாம் அளிக்கலாம். அவள் வாழ்ந்த இல்லம் அவ்வாறே இருக்கும்.