பூனையின் அச்சம்

பூனை எலியைத் துரத்துவது இயற்கை. அதிலே சமூகம் எங்கே வந்தது என வினவும் நண்பர்கள், 1940இல் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வெளியிட்ட ‘புஸ் கெட்ஸ் த பூட்’ என்னும் கேலிச்சித்திரப் படத்தை மீண்டுமொருமுறை பார்த்தல் வேண்டும். பின்னர் டொம், ஜெரி எனப் புகழ்பெற்ற இணையின் முதற்படம் இதுவே. இதில் பூனையின் பெயர் ஜாஸ்பர்.

துரத்தலிலே பூச்சாடியொன்று உடைகிறது. இன்னுமொரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டே துரத்திவிடுவதாக எச்சரிக்கிறாள் பணிப்பெண். அக்கணமே யாவும் தலைகீழாகின்றன. எலி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடிக்கிறது. நகமும் பல்லும் படைத்த பூனை நடுநடுங்கி நிற்கிறது. இருப்பிடத்தை இழக்கும் அச்சம் உடல்வலிமையை எங்ஙனம் முறியடிக்கும் என்பதை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தைக் கடந்துவந்த அமெரிக்க மக்களுக்கு இவ்வச்சம் அந்நியமாக இருந்திராது.

ஆயின், இதன் பெருங்குறையையும் சொல்லியாக வேண்டும். வெருட்டுபவள் கறுப்பினப் பெண். அவள் முகத்தை நாம் காண்பதில்லை. பருத்த உடலும் கொச்சைப் பேச்சுமே அவளுக்கு அளிக்கப்பட்டவை. உடைந்த பொருளுக்கு அவள் யாரிடம் பதில் சொல்வாள்? உடைமையாளர் தலைகாட்டுவதேயில்லை!

படைத்தவர்களும் தலைகாட்டவில்லை. ஒஸ்கார் பரிந்துரை பெற்ற இப்படத்தின் திரையில் றூடொல்வ் ஐசிங்கின் பெயர் மட்டுமே உண்டு. இயக்கிய ஹன்னா, பார்பரா ஆகியோரின் பெயர்கள் இல்லை. 1957இல் நிறுவனம் கேலிச்சித்திரப் பிரிவையே மூடி, அவ்விருவரையும் உடனுழைத்தோரையும் வெளியே அனுப்பியது.