சுவரில் ஏறிய தகரம்

போரில் வீடிழந்த குடும்பங்களுக்கு 65,000 எஃகு வீடுகள் என்று 2015-இல் இலங்கை அரசு ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தது. வேலை லக்சம்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்செலர்மிட்டல் நிறுவனத்துக்கு. தொழிற்சாலையில் செய்த சட்டங்களையும் பலகைகளையும் காணிக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டால் வீடு தயார். ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் இலங்கை ரூபாய்; தளபாடமும் தொலைக்காட்சியும் அதற்குள் அடக்கம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மாதிரி வீடும் எழுந்தது.

ஊர் முகம் சுளித்தது. அத்திவாரம் போதாது, வடக்கின் வெயிலுக்குக் காற்றோட்டம் காணாது, விறகடுப்பின் புகை போக வழியில்லை, நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்று ஓர் அறையை இழுத்துக் கட்ட முடியாது என்று பொறியியலாளர்கள் குறைகளை அடுக்கினார்கள். அப்போதைய வட மாகாண முதலமைச்சர் சி.வி.விக்னேஸ்வரனும் நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ.சுமந்திரனும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அதே காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்ற கணக்கும் எழுந்தது. இந்திய அரசின் வீட்டுத்திட்டம் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த தொகை ஐந்தரை இலட்சம்தான். அதில் நின்றவை கல்லும் சீமெந்துமான சுவர்கள். 65,000 என்ற எண் பிறகு 6,000 ஆகச் சுருங்கி, கடைசியில் திட்டமே கரைந்துபோனது.

விலையும் வெப்பமும் மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிக் கதைதான். போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்குத் தறப்பாளும் தகரமுமே சுவர். 2009-க்குப் பின் வன்னிக்குத் திரும்பியவர்கள் கையில் முதலில் கிடைத்த கட்டடப் பொருளும் கூரைத் தகரம்தான். அதைக்கொண்டு நாலு தடியை நட்டுக் கொட்டில் போட்டார்கள். பக்கத்தையும் அதாலேயே அடைத்தார்கள். மத்தியானம் உள்ளே இருக்க முடியாமல் மரநிழலில் பாயைப் போட்டுப் படுத்தவர்களிடம் போய், உங்கள் நிரந்தர வீட்டின் சுவரும் உலோகம்தான் என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்? கல்வீடு என்பது அங்கே ஒரு குடும்பம் மறுபடி நிமிர்ந்துவிட்டது என்பதற்கான சான்று.

ஆனால் தகரம் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கினாலும் வளவைவிட்டுப் போகவில்லை. ஆண்டுக்கொருமுறை கிடுகும் பனையோலையும் மாற்றிக் கட்டிய வேலிகள் இருந்த இடத்தில் இன்று குடாநாடு முழுக்கத் தகர வேலி. ஒழுங்கையில் நடந்தால் இருபுறமும் நெளிநெளியாக, பாதி துருப்பிடித்து, ஆணி அடித்த இடத்தில் காவி வடிந்து நிற்கும். வாசலில் மரச்சட்டத்தில் தகரம் அடித்த படலை. கொட்டில் கல்வீடானபோது கழற்றிய தகரம் வேலிக்குப் போன வளவுகளும் உண்டு. யாழ்ப்பாணத்து வீட்டின் முகத்தை இன்று வெளியாருக்குக் காட்டுவது கட்டடக் கலைஞர் வரைந்த முகப்பைவிட இந்த வேலிதான் என்று சொன்னால் மிகையில்லை.

பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் தகரத்தின் பயணம் வேறு திசையில் போனது. தமிழ்நாட்டுக்காரருக்குத் தகரக் கொட்டகை என்றால் பழைய சினிமாக் கொட்டகையோ குடோனோதான் நினைவுக்கு வரும். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துத் தற்காலிகக் குடியிருப்புகளில் தார் ஷீட்டுக்கு அடியில் வெந்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு அந்தப் பொருளோடு கசப்பான உறவு இல்லை. அதனால்தான் அது கூச்சமின்றி மாடி ஏறியது. கேரளத்தில் காங்கிரீட் தளம் ஒழுகத் தொடங்கியதும் மேலே இரும்புச் சட்டம் கட்டி ஷீட் போடும் 'ட்ரஸ் ஒர்க்' பரவியது. தமிழ்நாட்டில் மொட்டை மாடி வெயிலைத் தடுக்க, துணி காயப்போட, பிறகு மெல்ல ஓர் அறையாகவே அடைத்துக்கொள்ள என்று அதே வேலை வளர்ந்தது. நீலமும் செங்கல் சிவப்புமாகக் கலர் ஷீட் தெரியாத தெரு இன்று தமிழ்நாட்டு நகரங்களில் அரிது.

அதற்கு அடுத்த படி முகப்பு. வீடு கட்டுகிறவர் பொறியாளரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எலிவேஷன் எப்படி சார் வரும்?" என்பது. கடைத்தெருவில் பெயர்ப்பலகையாக நுழைந்த ஏசிபி தகடு வீட்டு முகப்பின் தூண்களைச் சுற்றிக்கொண்டது. மாடிப்படிக்கு முன்னால் சிஎன்சி இயந்திரத்தில் கொடியும் இலையுமாக வெட்டிய இரும்பு ஜாலி நிற்கிறது. இரவில் அதற்குப் பின்னால் விளக்கு எரிகிறது. வேலைப்பாடு சில இடங்களில் அழகாகவே இருக்கிறது. சிக்கல், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே ஒரு நிரப்பு. மலிவான வகையில் அந்த நிரப்பு பாலிஎத்திலீன், அதாவது எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தபோது தீயைச் சுவரோடு சுவராக மேலே கொண்டுபோனது இந்த வகைத் தகடுதான். தீ எளிதில் பற்றாத நிரப்புள்ள தகடும் சந்தையில் கிடைக்கிறது, விலை கூடுதல். கடையில் நிறத்தைக் கேட்பவர் பலர், நிரப்பைக் கேட்பவர் அபூர்வம்.

இரு நாடுகளிலும் உலோகச் சுவர் உண்மையிலேயே பொருந்தி நின்ற இடம் ஒன்று உண்டு: தேயிலை மலை.

ஹென்றி பாமர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரும்புத் தகட்டை நெளித்து வலுவேற்றும் முறைக்கு 1829-இல் காப்புரிமை பெற்றார். நெளிவு வந்ததும் காகிதம்போல் துவளும் தகடு தன் எடையைத் தானே தாங்கியது. 1837-இல் பிரான்ஸில் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற, துருவுக்கும் ஒரு தடை கிடைத்தது. கப்பலில் அடுக்கி அனுப்பலாம், மலைப்பாதையில் தலைச்சுமையாகவும் ஏற்றலாம். செங்கல் சூளை இல்லாத உயரத்தில் நாலு மாடித் தொழிற்சாலை கட்ட இதைவிட வசதியான பொருள் தோட்டத் துரைமாருக்கு வேறென்ன?

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை இப்போது ஹோட்டல். எஃகுச் சட்டம், அதைச் சுற்றி நெளித்தகடு, வரிசை வரிசையாகச் சன்னல். மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பி வாட்ட வெளிச்சமும் காற்றும் வேண்டும், அதனால் வந்த சன்னல்கள் அவை. 1990-களில் ஹோட்டலாக மாற்றியவர்கள் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்சுவர் எழுப்பவில்லை. வெளித்தோலை அப்படியே காத்து, உள்ளே அறைகளைத் தனியாக அமைத்தார்கள். குளிரும் மழையும் வெளித்தகட்டோடு நின்றுவிட, உள்சுவர் காய்ந்து இருக்கிறது. பலரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

அதே மலையில், தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அங்கும் தகரம்தான், ஆனால் உள்சுவர் என்ற ஒன்று இல்லை. கூரைத் தகரம் காற்றில் போகாமல் மேலே கல்லும் மணல்மூட்டையும் பழைய டயரும். ஒற்றை அறை காணாமல், முன் தாழ்வாரமான இஸ்தோப்பைச் சுற்றித் தகரம் அடித்து இன்னோர் அறை எடுத்திருப்பார்கள். குளிர் இரவில் அடுப்பு எரிந்த வீட்டுக்குள் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் பாயில் சொட்டும். ஹோட்டல் சுவரிலும் லயத்துச் சுவரிலும் இருப்பது ஒரே பொருள். பின்னால் ஒன்றில் இடைவெளியும் அடுத்த சுவரும் இருக்கிறது, மற்றதில் மனிதர் இருக்கிறார்.

இந்தியப் பக்கத்து மலைகளில் உள்ளவர்களுக்கு இந்த இடைவெளியின் அருமை கொஞ்சம் முன்பே பிடிபட்டது. இலங்கை மலையகத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தொடும் தென்மேற்கு மழைதான் வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாரிலும் கொட்டுகிறது. வால்பாறை, மூணாறு, கூடலூர்ப் பக்கம் செங்கல் வீட்டின் மழை அடிக்கும் சுவரில் மட்டும் மரச்சட்டம் வைத்து ஷீட் அடித்திருப்பதைப் பார்க்கலாம். மற்ற மூன்று சுவருக்கும் வெறும் பூச்சு. மலைக்காரர் மழைக்கோட்டு போடுவதுபோல, தேவையான பக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் பல குடும்பங்கள் 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. லயத்துத் தகரத்தை அறிந்தவர்கள்தான் அவர்களும்.

இலங்கையில் தகரத்துக்குப் போட்டி அஸ்பெஸ்ரஸ் சீற். அதைத் தடைசெய்ய 2018-ஐ ஒட்டி அரசு தயாராக இருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. ரஷ்யா பெரிய அஸ்பெஸ்ரஸ் ஏற்றுமதி நாடும்கூட. கொழும்பு தடையைத் தள்ளிப்போட்டது, தேயிலை மறுபடி கப்பல் ஏறியது. வண்டுக்கும் சீற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நம்புவதற்கு நிறையவே நல்ல மனம் வேண்டும். இந்தியாவில் அஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுப்பது நின்றுவிட்டாலும் இறக்குமதி நாரில் செய்த ஷீட் இன்றும் விற்கிறது. எனவே அந்த நார் நுரையீரலுக்குக் கேடு என்று அஞ்சுகிறவர் இரு கரையிலும் கடைசியில் வந்து நிற்பது உலோகத் தகட்டின் முன்னால்தான். இலங்கைக் கடைகளில் 'அமானோ' என்று கேட்கிறார்கள், தமிழ்நாட்டில் கால்வால்யூம் அல்லது கம்பெனிப் பெயர். பொருள் ஒன்றே: மெல்லிய எஃகின் மேல் 55 விழுக்காடு அலுமினியமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சு.

பொருள் ஒன்றானாலும் அடிக்கும் கை வேறு. கூரையில் ஸ்க்ரூ நெளிவின் முகட்டில் ஏற வேண்டும், தண்ணீர் பள்ளத்தில் ஓடும் என்பதால். சுவரில் அது பள்ளத்தில் இறங்க வேண்டும், தகடு பின்சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கும் என்பதால். கூரை மட்டுமே போட்டுப் பழகிய மாடி ஷெட் ஆட்கள் சுவரிலும் முகட்டிலேயே முடுக்குவார்கள். காற்றடித்தால் தகடு டமடமவென்று அடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். மெஷினை அழுத்திப் பிடித்து அது நசுங்கி வெளியே வந்துவிட்டால் இரண்டு வெயிலில் வெடித்து, அந்த ஓட்டை வழியே ஒழுகல் தொடங்கும். தகட்டின் ஓரம் மேல் ஓரம் ஏறும் இடத்தில், மழை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கு முதுகைக் காட்டி ஏற வேண்டும்.

இரு நாட்டிலும் பொதுவான ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. தகட்டைக் கத்தரியால் வெட்டாமல் கிரைண்டரால் அறுப்பது. தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத் துகள். வண்ணப்பூச்சில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்குப் பிறகு புதுச் சுவரெங்கும் செம்புள்ளி. வீட்டுக்காரர் கம்பெனியைத் திட்டுவார். தமிழ்நாட்டில் இன்னொன்று கூடுதல்: தகட்டின் அடிவிளிம்பில் எறும்பு போகக்கூடாது என்று சிமென்ட் கலவை வைத்து அடைப்பது. ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சைத் தின்னும். அதோடு, அடியில் நுழைந்து பின்னால் மேலேறிப் போக வேண்டிய காற்றின் வழியும் அடைபட்டுவிடும். மேற்குச் சுவரில் வெயிலைத் தடுக்கத்தான் தகடு போட்டார்கள். இரண்டங்குல இடைவெளியின் வாயை மூடியதும் சூடு உள்ளேயே நின்று செங்கலுக்கு ஏறுகிறது.

கடற்கரையில் கதை மறுபடி மாறுகிறது. பாம்பனுக்கு அருகே உள்ள மண்டபம் இந்தியாவிலேயே உலோகம் மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் மாட்டிவைத்து அரிப்பை அளந்த இடம் அது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றதற்கும் உப்புக்காற்று ஒரு காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குச் சிறப்பு வண்ணப்பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தேவைப்பட்டன. தனுஷ்கோடிக்கு எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் தலைமன்னாரிலும் இதே காற்று, இதே உப்பு. அங்கே சோழகம் அடிக்கும் மாதங்களில் தகர வேலியின் கடல்பார்த்த பக்கம் முதலில் பொரிந்து உதிரும்.

இத்தகைய இடத்தில் தகடு வாங்குகிறவர் தடிப்பை மட்டும் கேட்டால் போதாது. 0.47 மில்லிமீட்டரா 0.35-ஆ என்பது வளையாமல் நிற்பதற்கான கணக்கு. எத்தனை காலம் அரிக்காமல் நிற்கும் என்பதைப் பூச்சின் எடை சொல்லும். ஒரு சதுர மீட்டருக்கு இருபக்கமும் சேர்த்து 150 கிராமா, 70 கிராமா என்று. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இரு கரையிலும் குறைவு. உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தில் கடற்கரைக்கு விதிவிலக்கு இருக்கும், அதைப் படிப்பவர்கள் இன்னும் குறைவு. அதில் இன்னொரு நிபந்தனையும் பல கம்பெனிகள் வைக்கின்றன. மழை நேராகப் படும் சுவரை மழையே கழுவிவிடும். கூரை நீட்டத்துக்குக் கீழே, சன்னல் தலைக்கு மேலே, மழை தொடாத இடத்தில்தான் உப்பு படிந்து படிந்து பூச்சை அரிக்கும். ஆகவே அந்த இடங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் நல்ல தண்ணீரால் கழுவிவர வேண்டும் என்கிறது நிபந்தனை. இராமேஸ்வரத்துத் தெருவிலும் மன்னார்த் தீவிலும் குடிக்கும் தண்ணீரையே குடத்துக் கணக்கில் செலவழிக்கும் வீட்டுக்காரர், கழுவுவதற்கு அதை எங்கிருந்து எடுப்பார் என்று சீட்டை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.